ஊர் உள்ளே உட்கார்ந்திருந்தது

கிரேஸ் மேரி டீச்சர் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் சொல்லிவந்த கதையில் அழுவது குற்றம். கண்ணீரும் தண்ணீர்தானே, தண்ணீரெல்லாம் கொம்யூனுக்குச் சொந்தம், அதைக் கன்னத்தில் வழியவிட்டு வீணடிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று சைரன் வைத்த வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். கதை நடப்பது இரண்டாயிரத்து நாற்பதில். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதில்லை. வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் அளக்கப்படுகிறதோ அதுவே பெயர். கதாநாயகியின் பெயர் அரைக்குடம். அவளுடைய சிநேகிதன் காற்சொம்பு. கொம்யூனுக்கு வேண்டப்பட்ட ஒரு வீட்டுப் பையன் இருந்தான், அவன் பெயர் இரட்டைக்குடம். அவன் தெருவில் வந்தால் எல்லோரும் ஒதுங்கி நிற்க வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கதைக்குப் பைத்தியமாக இருந்தார்கள். ராஜா ராணிக் கதை கேட்டுக் காது புளித்துப்போன பிள்ளைகள் அவர்கள். வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தால்கூட மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார்கள். ஒருவரை ஒருவர் அரைக்குடம், முக்கால், ஓட்டைச்சொம்பு என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். கணக்கு வாத்தியாருக்குக்கூட ஒரு அளவு வைத்திருந்தார்கள், அதை இங்கே சொல்வது மரியாதையாக இருக்காது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கொம்யூன் என்றால் வேறு நாட்டுச் சமாசாரம் எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். புதுச்சேரிப் பக்கம் பத்து இருபது கிராமங்களைச் சேர்த்து ஆளுகிற பஞ்சாயத்துக்கு கொம்யூன் என்று பெயர். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது விட்டுப்போன வார்த்தை அது. தெருவிளக்கு எரியாவிட்டாலும் கொம்யூன், குளத்தில் பாசி பிடித்தாலும் கொம்யூன். டீச்சரின் ஊரான சூசைப்பாளையத்துச் சனங்களுக்கு அந்த வார்த்தை வாயில் நுழையாது, கொம்மின் என்பார்கள். திட்டுவதற்கு அதுவே சௌகரியமாகவும் இருந்தது.

கிரேஸுக்கு கொம்யூன் மேல் கோபம் இருந்தது. அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் ஏமாற்றிவிட்டன. ஏரியில் முழங்காலுக்கு மேல் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, ஆனால் மதகைத் திறந்தால் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. வாய்க்கால் முழுக்க மண்ணும் கோரையும். வாய்க்கால் முடிகிற கடைமடையில் வயல்கள் வெடித்துக் கிடந்தன. கிரேஸ் மனு எழுதிக்கொண்டு கொம்யூன் ஆபீசுக்கு நடந்தாள். அங்கே ஒருவர் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரமும் அதே தலை, அதே திருப்பல். இருபத்தாறு வயது டீச்சருக்கு ஆத்திரம் வந்தால் என்ன செய்வாள்? கதை எழுதினாள்.

கதையில் முதலில் ஒரு கமிஷனர் இருந்தார், தொப்பையும் கறுப்புக் கண்ணாடியுமாக. பள்ளிக்கூடத்துக்கும் பொறுப்பான பங்குச் சாமியார் கேட்டுவிட்டு, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஆளைப் போடாதே அம்மா, நாளைக்கு நம்மைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் என்றார். சரி என்று கமிஷனரைத் தூக்கிவிட்டாள். அவர் வந்த இடத்திலெல்லாம் வெறுமே கொம்யூன் என்று மாற்றினாள். கொம்யூன் சிரித்தது, கொம்யூன் கையைக் கட்டிக்கொண்டது, கொம்யூன் தூங்கப் போனது. ஆள் இல்லாமல் போனதும் கதை முன்னைவிடப் பயமாக ஆகிவிட்டது. அது அவளுக்கே ஆச்சரியம்.

கதை முடிந்த பிற்பாடும் வகுப்பில் சண்டை ஓயவில்லை. மளிகைக் கடைக்காரர் மகள் அஸ்மா, தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிட்டால் தகராறே இல்லை என்றாள். மாடு வைத்திருக்கிறவன் என்ன செய்வான், மாட்டுக்குத் தலை இல்லையா என்று சூசைநாதன் கேட்டான். அவன் கட்சி வேறு. தண்ணீரை ஏலம் விட வேண்டும், விலை போட்டு வாங்குகிறவன்தான் அருமை தெரிந்து செலவு செய்வான் என்பது அவன் வாதம். விலை போட முடியாதவன் செத்துப்போகலாமா என்று அஸ்மா கேட்டதற்கு, அவன் வேறு ஊருக்குப் போகலாம் என்றான். நல்ல மனசுள்ள ஒருத்தரை கொம்யூனில் உட்காரவைத்தால் போதும் என்று பின் பெஞ்சில் ஒரு குரல் வந்தது. அந்த நல்லவருக்குத் தாகம் எடுத்தால் என்ன ஆகும் என்று அஸ்மா அவனையும் மடக்கினாள். கிரேஸ் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் மேடை போட்டுப் பேசுவதைவிட இது தேவலை என்று நினைத்தாள், பெருமையாகவும் இருந்தது. இரண்டாவது பெஞ்சில் ஜெயா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவள் தையலம்மாளின் மகள். புருஷன் இல்லாத தையலம்மாளுக்கு இருந்த ஒரே துண்டு நிலம் கடைமடையில் கிடந்தது.

பிள்ளைகளின் ஆர்வத்தைப் பார்த்துச் சாமியார், ஆண்டு விழாவில் ஆளுக்கொரு புத்தகமாகக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். மதகடிப்பட்டு கூட்டுரோட்டில் காஜா மொய்தீன் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, ஏல நோட்டீஸ், அவ்வளவுதான் அவர் தொழில். புத்தகம் என்றதும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டு, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க ஆரம்பித்தார். இரண்டு பக்கம் கோத்ததும் கை நின்றுவிட்டது. ‘யூ’ தீர்ந்துபோயிற்று.

கல்யாணப் பத்திரிகையில் யூ எங்கே வருகிறது? வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய வெள்ளிக்கிழமை நோட்டீசில் யூதாஸ் பெயர் வரும், அதற்காக வாங்கிப்போட்ட யூ கொஞ்சம் இருந்தது. கிரேஸின் கதையிலோ வரிக்கு வரி கொம்யூன். மெட்ராசிலிருந்து எழுத்து வர நாளாகும். காஜா மொய்தீன் அந்த வழியாக ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் இருசப்பனிடம் சொல்லி அனுப்பினார். யூ பத்தவில்லை, குறில் போட்டால் கொம்யுன் என்று கோணலாக வரும், எப்படிப் போடுவது என்று டீச்சரைக் கேட்டு வா என்றார்.

பஸ் சூசைப்பாளையம் நிறுத்தத்தில் உறுமிக்கொண்டு நிற்க, இருசப்பன் படியில் தொங்கியபடி கேட்டார். கிரேஸுக்கு அன்று பரீட்சைத் தாள் கட்டு கையில். கொஞ்சம் யோசித்தாள். சனங்கள் சொல்கிற கொம்மின் என்பதில் யூ கிடையாது, அதுவே நல்லதுதான் என்று பட்டது. “ஊர்ல சொல்றாப்பல போட்டுக்கச் சொல்லுங்க” என்றாள். இருசப்பன் விசில் கொடுத்தார். மதகடிப்பட்டில் இறங்கி, “பாய், ஊர்னு போட்டுக்கச் சொன்னாங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த பஸ்ஸின் சத்தத்தில் அவ்வளவு கேட்டதே பெரிய விஷயம். காஜா மொய்தீன் ஏற்கெனவே கோத்த இரண்டு பக்கத்திலும் கொம்யூனைப் பிடுங்கிவிட்டு ஊரைக் கோத்தார்.

தை பிறந்து, ஆண்டு விழாவுக்கு நாலு நாள் இருக்கையில் புத்தகக் கட்டு வந்து சேர்ந்தது. கிரேஸ் கயிற்றை அவிழ்த்து ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். தன் பெயரை அச்சில் பார்த்துக் கண் நிறைந்தது, கதையில் என்றால் வண்டி வந்திருக்கும். பிறகு முதல் பக்கத்தைப் புரட்டினாள். ‘தண்ணீரெல்லாம் ஊருக்குச் சொந்தம்’ என்று இருந்தது. சரி, ஏதோ ஒரு இடத்தில் தவறு என்று அடுத்த பக்கம் போனாள். ஊர் சைரன் ஊதியது. ஊர் அளந்து கொடுத்தது. கடைசி அத்தியாயத்தில், அரைக்குடம் மதகின் சாவியைக் கேட்கப் போகிற இடத்தில், இப்படி இருந்தது: ‘அவள் கதவைத் தள்ளினாள். உள்ளே ஊர் உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டது.’

கிரேஸ் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். இத்தனை மாத உழைப்பும் கேலிக்கூத்தாகிவிட்டதே என்று அழுகையும் ஆத்திரமுமாக அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். காஜா மொய்தீன் பயந்துவிட்டார். நீங்கதானேம்மா சொல்லி அனுப்பினீங்க என்றார். கதையைப் படித்தபோதாவது தோன்றவில்லையா என்று கேட்டதற்கு, எழுத்தைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்துக் கோக்கிறவன் கதையை எங்கே படிப்பது என்றார். அதுவும் நியாயம்தான். புரூஃப் பார்க்க அவர் கூப்பிட்டபோது பரீட்சை என்று சொல்லி வராமல் இருந்தது யார்? மறுபடி அச்சடிக்கக் காகிதம் கிடையாது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். ‘பிழை திருத்தம்: ஊர் என வருமிடமெல்லாம் கொம்யூன் எனத் திருத்தி வாசிக்கவும்’ என்று துண்டுச் சீட்டு அடித்துத் தருகிறேன், முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், இதற்கு ஒரே ஒரு யூ போதும் என்றார். கிரேஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் மதியம் சோற்றுக் கஞ்சியைப் பசையாக வைத்துக்கொண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒட்டுவதற்கு முன் ஜெயா கடைசி அத்தியாயத்தைப் பிரித்து உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து, தன் பங்குச் சீட்டுகளை ஒட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள். என்னடி என்று கிரேஸ் கேட்டாள்.

“ஊர்னே இருக்கட்டுமே டீச்சர். அதான் சரியா இருக்குது.”

“எப்படிச் சரி?”

“எங்க நெல்லு பால் பிடிக்கற நேரத்துல காயுது. தண்ணி வுடாதது கொம்மின் இல்லியே. உங்க அண்ணன்தான. வெளைச்சல்ல மூணுல ஒரு பங்குன்னு பேசி வுட்டாரு. இப்போ கரண்டு சரியா வர்றதில்ல, பாதி குடுத்தாதான் வுடுவேன்னு சொல்லிட்டாரு. பாதி குடுத்தா வெத நெல்லுகூட மிஞ்சாதுன்னு அம்மா அழுவுது.”

ஜெயா கோபமாகச் சொல்லவில்லை, குறை சொல்லவும் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கிரேஸுக்கு முகம் சூடேறியது. வகுப்பே பசைக் கையோடு அவளைப் பார்த்தது. சீட்டு ஒட்டுவது இருக்கட்டும், எல்லோரும் சாப்பிடப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்தாள்.

அவளுடைய அண்ணன் பிலவேந்திரன் கெட்டவன் இல்லை. அப்பா போனபோது அவன் பத்தாவதோடு படிப்பை விட்டான், தங்கையை டீச்சர் ட்ரெயினிங் வரை படிக்கவைத்தான். தனக்குச் செருப்பு வாங்காமல் அவளுக்குக் குடை வாங்கினவன். நாலு வருஷத்துக்கு முன் போர் போட்டு மோட்டார் வைத்தபோது ஊரில் அது இரண்டாவது மோட்டார். அண்ணன் அக்கம்பக்கத்துக்கு எல்லாம் தண்ணீர் கொடுக்கிறார் என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். கொடுக்கிறது என்ற வார்த்தையைத்தான் எல்லோரும் சொன்னார்கள், வாங்குகிறவர்கள் உட்பட. அறுவடையின்போது மூட்டைகள் வீட்டுக்கு வருவதை அவள் பார்த்திருக்கிறாள். அவற்றில் தையலம்மாளின் மூட்டை எது என்று பார்த்ததில்லை. இரட்டைக்குடம் என்று ஒரு பையனை எழுதி வகுப்பைச் சிரிக்கவைத்தோமே, அவன் வீடு எது என்று யோசித்தோமா என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மோட்டார் கொட்டகைக்குப் போனாள். பிலவேந்திரன் மின்சாரத்துக்காகக் காத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தையலம்மாளிடம் பாதி கேட்டது உண்மையா என்று கேட்டாள். உண்மை என்றான். அவன் எதையும் மறைக்கவில்லை. போர் போட்டது நான், மோட்டார் காயில் எரிந்துபோனால் கட்டுவது நான், தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது, நாளைக்கு இன்னும் ஆழம் இறக்க வேண்டும், நான் போர் போடாவிட்டால் அந்த வயல் நாற்று விட்ட மாதமே காய்ந்திருக்கும் என்று வரிசையாகச் சொன்னான். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லாம் சேர்ந்து எப்படி அநியாயமாயிற்று என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

“ஊர்ல எல்லாரும் வாங்கறதத்தான் நான் வாங்கறேன்” என்றான் பிலவேந்திரன்.

“ஏரித் தண்ணி போனா யாரும் வாங்க வேண்டாமே அண்ணா. கொம்யூன்ல வாய்க்கால வெட்டியிருந்தா?”

அவன் சிரித்தான். “கொம்மின் என்னைக்கு வாய்க்கா வெட்டுச்சு? வூட்டுக்கு ஒரு ஆளு போயி நாமதான் வெட்டுவோம். அப்பா கூட்டிக்கினு போவாரு, நானும் போயிருக்கேன். மோட்டார் வந்தப்பறம் எனக்கு ஏரி எதுக்கு, நான் போவல. நான் போவலன்னு மத்தவனும் போவல.”

சொல்லிவிட்டு, துடைத்த பெட்டியையே மறுபடி துடைத்தான். அப்புறம் மின்சாரம் வந்தது, மோட்டார் சத்தத்தில் பேச்சு முடிந்துபோயிற்று.

அன்று சாயங்காலம் முழுக்க கிரேஸ் அந்தத் துண்டுச் சீட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அல்லாடினாள். ஒட்டிவிட்டால் யாருக்கும் மனசு நோகாது. ஊரே கைதட்டும், கொம்மினை நன்றாகக் கிழித்தாய் என்று அண்ணனும் சிரிப்பான், வீட்டில் சோறு இறங்கும். ஒட்டாவிட்டால் அத்தனை பேர் நடுவில் அண்ணன் தலைகுனிய வேண்டும். தன்னை ஆளாக்கினவனைத் தானே அச்சடித்துக் கொடுப்பதா? ஆனால் ஒட்டினால் புத்தகம் பொய். தெரியாமல் எழுதிய பொய்யைத் தெரிந்தே ஒட்டுவதாகும். அந்தப் பிள்ளைகள் நாளைக்குப் பெரியவர்களாகி, எது காய்ந்தாலும் ஓர் ஆபீசைக் காட்டிவிட்டுப் போவார்கள். அவள் சீட்டுக் கட்டைப் பைக்குள் போட்டாள். நாலு புத்தகத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்ததைத் தண்ணீர் தொட்டு உரித்தாள்.

ஆண்டு விழா வியாழக்கிழமை மதியம் நடந்தது. கோயில் முற்றத்தில் பந்தல். கடைசி அத்தியாயத்தை ஜெயா மேடையேறி வாசித்தாள். கண்ணீர் ஊருக்குச் சொந்தம் என்ற இடத்தில் பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஊர் தலைக்குத் தலை அளந்து கொடுத்த இடத்தில் ஆண்கள் சிரித்தார்கள். கதவைத் தள்ளினாள், உள்ளே ஊர் உட்கார்ந்திருந்தது என்று வாசித்தபோது யாரோ ஒருவர், “நம்மளதான் சொல்லுது” என்றார். பார்த்தும் பார்க்காததுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டது என்பதற்கு யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிலவேந்திரன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். கிரேஸ் மேடை ஓரத்தில் நின்று அவன் முதுகையே பார்த்தாள். 

அன்று ராத்திரி அவன் வீட்டுக்குள் சாப்பிட உட்காரவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை கிரேஸ் மடை பார்க்கும் சின்னப்பிள்ளையைத் தேடிப் போனாள். மதகைத் திறந்து மூடுவதும், வாய்க்கால் வெட்ட வீடுகளைக் கூப்பிடுவதும் அவர் வேலை. கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது. மோட்டார்காரர் வீட்டு ஆள் வந்தால் நாங்களும் வருகிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் யாரைக் கூப்பிடுவது என்றார் அவர். பிலவேந்திரன் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தால் கூப்பிடுவீர்களா என்று அவள் கேட்டாள். உங்க அண்ணன் வருவாரா என்று சின்னப்பிள்ளை நம்பாமல் பார்த்தார். ஆள் வரும் என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை மண்வெட்டியும் கையுமாக அவளே போய் நின்றாள். சேலையை வரிந்து கட்டியிருந்தாள், தலையில் அண்ணனின் பழைய துண்டு. கொஞ்ச நேரம் ஒரே கிண்டல். டீச்சர் மண்ணுக்குப் பாடம் எடுக்கப் போறாங்க என்றார்கள். பொம்பளை ஆளைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருவர் இழுத்தார். வூட்டுக்கு ஒரு ஆளுன்னுதான் பேச்சு, ஆம்பளைன்னு இல்ல என்று சின்னப்பிள்ளை முடித்துவிட்டார். வந்தது மொத்தத்தில் பாதி வீடுகூட இல்லை. இன்னொரு மோட்டார்காரர் எட்டியும் பார்க்கவில்லை. கூலி வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது என்பதால் தையலம்மாளால் வர முடியவில்லை. மதியத்துக்குள் கிரேஸின் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. ஆனால் கோரையைப் பிடுங்கிப் போட்ட இடத்தில் பழைய வாய்க்காலின் அடிமண் தெரிந்தபோது, கதை எழுதி முடித்த அன்றுகூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

நெல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வாரக் கடைசியில் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது. கலங்கலாக, சோம்பேறித்தனமாக வந்தது, ஆனால் வந்தது. தையலம்மாளின் பயிரில் வரப்போரம் கொஞ்சம் பதராகிவிட்டது, மற்றது பிழைத்தது. பேசிய பங்கைக் கேட்டு பிலவேந்திரன் வரவில்லை, அந்த அறுவடையில் கடைசி மூட்டைவரை அவள் வீட்டுக்கே போனது. அடுத்த வருஷமும் வாய்க்கால் வெட்டினார்கள், சண்டை போட்டுக்கொண்டேதான். சூசைநாதனும் அஸ்மாவும் கரையில் நின்று இன்னும் வாதாடிக்கொண்டிருந்தார்கள், மோட்டாருக்கு வரி போடலாமா கூடாதா என்று. ஆனால் கிரேஸ் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்ணைத் தொடலாமா என்று சிலருக்குத் தயக்கம். சாமியார் பூசையைச் சீக்கிரமே முடித்து, வாய்க்காலுக்குப் போங்கள் என்று அவரே அனுப்பிவைத்தார். முதல் நாளைவிடக் கூட்டம் கூடியிருந்தது. சின்னப்பிள்ளை கரைமேல் நின்று வீடு வீடாகக் கூப்பிட்டார். கூப்பிட்ட வீட்டு ஆள் இருக்கேன் என்று சொல்லிவிட்டுத் தன் பங்குக்கு இறங்க வேண்டும்.

அப்போதுதான் பிலவேந்திரன் வந்தான். தோளில் மண்வெட்டி. யாரையும் பார்க்காமல் நேரே தங்கையிடம் வந்து அவள் கையை விரித்துப் பார்த்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்பளம். “நீ வூட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்” என்றான் மெதுவாக.

கிரேஸ் போகவில்லை. “வூட்டுக்கு ஒரு ஆளு அண்ணா. நம்ம வூட்டுக்கு நான் வந்துட்டேன்” என்றாள்.  பக்கத்தில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பிலவேந்திரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பிப் போகவும் முடியாமல், இறங்கவும் முடியாமல் மண்வெட்டியைக் கை மாற்றிக்கொண்டு கரையிலேயே நின்றான்.

பிலவேந்திரன் வூடு என்று சின்னப்பிள்ளை கூப்பிட்டார். இருக்கேன் என்று சொல்லிவிட்டு கிரேஸ் இறங்கினாள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. வரிசை கடைமடைக்கு வந்தது.

“தையலம்மா வூடு.”

பதில் இல்லை. சின்னப்பிள்ளை இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் கூலிக்குப் போயிருக்கிறாள் என்று யாரோ சொல்ல வாயெடுத்தார்கள். அதற்குள் பிலவேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் குதித்தான். கோரை அடர்ந்து கிடந்த அந்தக் கடைசிப் பங்கில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி, “இருக்கேன்” என்றான்.